மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ: தேதி குறித்த நாளிலிருந்து செய்ய வேண்டியவை

கீமோவுக்குத் தேதி குறித்ததும் டாக்டரிடம் முதலில் எழுதி வாங்க வேண்டியது மருந்துகளின் பெயர். "ஆறு கீமோ சொல்லியிருக்காங்க" என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. எண்ணிக்கையைவிட மருந்துதான் முக்கியம். வாந்தி எவ்வளவு இருக்கும், விரல் மரத்துப்போகுமா, யாரிடம் அனுபவம் கேட்டால் பொருந்தும் என்பதெல்லாம் மருந்தைப் பொறுத்தது.

பலருக்கும் சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து 21 நாளுக்கு ஒன்றாக 4 முறை. சில இடங்களில் 14 நாளுக்கு ஒன்று. அடுத்து பாக்ளிடாக்ஸல், வாரம் ஒன்றாக 12 முறை. சிலருக்கு டோசிடாக்ஸலும் சைக்ளோபாஸ்பமைடும் மட்டும் 4 முறை போதும் என்று டாக்டர் முடிவு செய்வார். புற்றணுவில் ஹெர்-2 என்ற புரதம் அதிகமுள்ள ஹெர்-2 வகை என்றால் ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசி சேரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என அது ஓராண்டு வரை போகும். ஆனால் அது கீமோ வகை அல்ல. கீமோ முடிந்து அது மட்டும் தொடரும் மாதங்களில் முடி வளரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஒரு வருஷம் கீமோவா" என்று இடிந்துபோகிறவர்கள் நிறைய.

ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் மருந்துப் பெயர்கள், உயரம், எடை, ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மற்ற மாத்திரைகள், இரவிலும் எடுக்கும் மருத்துவமனைத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். ஊசி போடும் நாளை 1ஆம் நாள் என்று வைத்து அங்கிருந்து எண்ணுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் அந்த எண்ணில்தான்.

முதல் டோஸுக்கு முன் முடிக்க வேண்டியவை

ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளை மருத்துவமனையே எழுதிக்கொடுக்கும். டாக்ஸோரூபிசினும் ட்ராஸ்டுசுமாப்பும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். ஹெபடைடிஸ் பி சோதனை செய்தாகிவிட்டதா என்று நீங்களே கேளுங்கள். உடலில் அடங்கிக் கிடக்கும் அந்தக் கிருமி கீமோவின்போது கிளம்பி கல்லீரலைத் தாக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க மாத்திரை உண்டு.

சொத்தைப் பல் இருந்தால் இப்போதே காட்டுங்கள். பிடுங்க வேண்டியிருந்தால் கீமோவுக்கு இரண்டு வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும், புண் ஆற நேரம் வேண்டும். நடுவில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும்போது பல்லில் கை வைக்க எந்த டாக்டரும் தயங்குவார்.

குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர்கள் முதல் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். வெட்கத்தால் இதைக் கேட்காமல் விடுவது நம் ஊரில் வழக்கமாக நடக்கிறது. டாக்டரும் அவசரத்தில் கேட்காமல் விடுகிறார். கருமுட்டையை உறையவைக்க ஏறத்தாழ இரண்டு வாரம் போதும், மாதவிடாய்க்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. சினைப்பைக்குப் பாதுகாப்பாக கோசரெலின் 3.6 மில்லிகிராம் ஊசி 28 நாளுக்கு ஒருமுறை போடுவதும் உண்டு. அதையும் கீமோவுக்கு ஒரு வாரம் முன்பாவது தொடங்க வேண்டும். சிகிச்சை நடக்கும்போது கரு உண்டாகக் கூடாது. கருத்தடை மாத்திரை இந்த நோய்க்கு ஆகாது. ஆணுறை அல்லது காப்பர்-டி.

அடுத்தது நரம்பு, அதாவது ட்ரிப்ஸ் ஏற்றும் வழி. டாக்ஸோரூபிசின் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையை விட்டு மறு கையிலேயே எல்லா ஊசியும் போடுவதால் நாலாவது டோஸுக்குள் அந்தக் கை நரம்புகள் கயிறுபோல இறுகிவிடுகின்றன. அதனால் நீண்ட சிகிச்சை என்றால் மார்பின் மேல்பகுதியில் தோலுக்கடியில் வைக்கும் கீமோ போர்ட் நல்லது. பயன்படுத்தாத காலத்திலும் அதை டாக்டர் சொல்லும் இடைவெளியில் மருந்துநீர் செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். கைவழியாகப் போடும் பிக் லைன் விலை குறைவு, ஆனால் வாரம் ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும், குளிக்கும்போது நனையக் கூடாது. கிராமத்தில் இருந்து வருகிறவர்களுக்கு அந்த வாராந்திர வேலைதான் சிக்கல். செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பணத்துக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கீமோவுக்கு மருத்துவமனை முன் அனுமதி வாங்க வேண்டும். அது தாமதமானால் டோஸும் தள்ளிப்போகும் என்பதால் ஒவ்வொரு டோஸ் முடிந்து கிளம்பும்போதே அடுத்ததற்கான தாள்கள் போய்விட்டனவா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டு வாருங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

தோழி ஒருவரைத் தேடிக்கொள்வது

ஏற்கனவே கீமோ முடித்த ஒரு பெண்ணோடு பேசுவதை ஆறுதல் என்ற கணக்கில் மட்டும் வைக்காதீர்கள். போர்ட்டைப் போலவே அதையும் முதல் டோஸுக்கு முன் ஏற்பாடு செய்ய வேண்டிய வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி பிடித்து, முடி உதிர்ந்து, அழுதுகொண்டிருக்கும் நாளில் புதிதாக ஒருவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர் 1952இல் தொடங்கிய ‘ரீச் டு ரிகவரி’ இந்த முறையில்தான் வளர்ந்தது: நோயிலிருந்து மீண்ட பெண், பயிற்சி பெற்று, புதிதாக நோய் கண்ட பெண்ணைப் போய்ப் பார்ப்பார், மருத்துவ ஆலோசனை சொல்ல மாட்டார். அந்தக் கடைசி விதி இன்றும் பொருந்தும்.

கீமோ ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் டே கேர் பிரிவின் சிஸ்டரிடமோ மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். "என்னைப் போல யாராவது" என்று பொதுவாகக் கேட்காமல், "இதே மருந்து போட்டு, முடிந்து ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆன, பேசச் சம்மதிக்கிறவர்" என்று கேளுங்கள். பொருத்தம் பார்க்கும் வரிசை இதுதான்: முதலில் ஒரே மருந்து, அடுத்து வீட்டு நிலைமை, அதன் பிறகே வயது. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் மாமியாரோடு கூட்டுக் குடும்பத்தில் இருப்பவருக்கும் வரும் கேள்விகள் வேறு. இன்னும் கீமோ நடந்துகொண்டிருப்பவர் துணைக்கு நல்லவர்தான், ஆனால் வழிகாட்ட அவருக்குத் தெம்பு இருக்காது.

நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவியவர்கள் அதே நிலையில் சிகிச்சை எடுக்கும் ஒருவரைத்தான் கேட்டு வாங்க வேண்டும். "எட்டு முடிச்சேன், (கடைசி கீமோ முடிந்ததைக் கொண்டாட) மணி அடிச்சேன்" என்ற பேச்சு, முடிவுத் தேதி இல்லாத சிகிச்சையில் இருப்பவரைக் காயப்படுத்தும்.

முதல் பேச்சில் மூன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்த நேரம் அழைக்கலாம்? உங்கள் போனை வீட்டில் வேறு யார் எடுப்பார்கள்? பக்கத்து வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் சொல்லாமல் சிகிச்சை எடுக்கிறவர்கள் பலர்; குரல் பதிவு அனுப்பலாமா கூடாதா என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, எந்த நாட்களில் அவர் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பது. நாங்கள் சொல்வது முதல் டோஸின் முந்தைய நாள் மாலை, 4ஆம் நாள், 15ஆம் நாளை ஒட்டி. முதல் இரண்டு நாள், கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தின் தெம்பில் ஓடிவிடும். அது இறங்கும் 3, 4ஆம் நாளில்தான் காரணமே தெரியாமல் மனம் விழும். 15ஆம் நாளை ஒட்டி முடி உதிர்ந்து கையோடு வரத் தொடங்கும்.

தோழியிடம் "எப்படி" என்று தொடங்கும் கேள்விகளைக் கேளுங்கள். எப்படிக் குளித்தீர்கள், எதை வாயில் வைக்க முடிந்தது, பிள்ளைகளிடம் எப்படிச் சொன்னீர்கள், டே கேரில் கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குப் போனால் படுக்கை கிடைக்கும். "எனக்குக் குணமாகுமா", "உங்களுக்கு ஏன் நாலு, எனக்கு ஏன் எட்டு" என்பவை டாக்டருக்கானவை. மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், பொடியோ சாறோ விற்பவர், பணம் கேட்பவர் எத்தனை அன்பாகப் பேசினாலும் ஒதுங்கிவிடுங்கள்.

கீமோ அன்று

முந்தைய நாளோ அன்று காலையோ ரத்தம் பார்ப்பார்கள். பொதுவாக நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு 1,500க்கும் தட்டணு 1,00,000க்கும் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் ஒரு வாரம் தள்ளிவைப்பார்கள். ஊரிலிருந்து வண்டி பிடித்து வந்து திரும்பிப் போவது எரிச்சல்தான். ஊரிலேயே சோதனை செய்து முடிவை அனுப்பிவிட்டுக் கிளம்ப முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

டோசிடாக்ஸல் போடுகிறவர்கள் முந்தைய நாளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்க வேண்டும். வழக்கம் 8 மில்லிகிராம், தினம் இருவேளை, 3 நாள். இதை மறந்துவிட்டுப் போனால் அன்றைக்கு ஊசி இல்லை என்று அனுப்பிவிடக்கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த மூன்று நாளும் அளவு ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்து, எத்தனைக்கு மேல் போனால் அழைக்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இட்லி, இடியாப்பம் மாதிரி லேசாகச் சாப்பிட்டுப் போங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். மிகவும் பிடித்த உணவை அன்று தொடாதீர்கள், பின்னால் அதன் வாசனையே கீமோவை ஞாபகப்படுத்தும். முன்புறம் பொத்தான் வைத்த மேல்சட்டை அல்லது கழுத்து அகலமான நைட்டி இருந்தால் போர்ட்டில் ஊசி குத்த எளிது. ஏசி அறைக்குச் சால்வை, காலுறை.

டாக்ஸோரூபிசின் செக்கச்செவேலென இருக்கும். பெரும்பாலும் சிஸ்டர் பக்கத்தில் நின்றே மெதுவாகச் செலுத்துவார். அப்போது ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், கடுப்பு, வீக்கம் எது தெரிந்தாலும் அந்த நொடியே சொல்லுங்கள். "பாவம், பிஸியா இருக்காங்க" என்று பொறுத்துக்கொள்ள வேண்டிய இடம் இது இல்லை. பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் அல்ல, மருந்தின் நிறம். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை அரிக்கும் என்பதால் அன்றும் மறுநாளும் 2 முதல் 3 லிட்டர் நீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், இரவில் படுக்கும் முன்பும். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் கழிப்பறையை மூடிவைத்து இருமுறை நீர் ஊற்றுங்கள். வாந்தித் துணிகளைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்கலாம், கட்டிக்கொள்ளலாம், ஒரே படுக்கையில் படுக்கலாம்.

வாந்தி

வாந்தி வந்த பிறகு மாத்திரை போடுவது பயன் குறைவு. வாந்தியைத் தடுக்கும் அப்ரிபிடன்ட் என்றால் முதல் நாள் 125, அடுத்த இரண்டு நாள் 80 மில்லிகிராம் என்று அட்டையாக வரும். நன்றாக இருக்கிறதே என்று மூன்றாம் நாள் மாத்திரையை மிச்சம் வைக்காதீர்கள், டாக்ஸோரூபிசினில் குமட்டல் 2 முதல் 5ஆம் நாள் வரை திரும்ப வரும். இரவில் கொடுக்கும் ஓலான்சபினைப் பார்த்து மருந்துக்கடையில் யாராவது "இது மனநோய் மாத்திரையாச்சே" என்பார்கள். பலர் அதோடு நிறுத்தி, மறுநாள் வாந்தியில் அவதிப்படுகிறார்கள். குறைந்த அளவில் அது குமட்டலுக்குச் சிறந்த மருந்து. தூக்கம் வரும், அவ்வளவே. வாந்திக்குக் கொடுக்கும் ஓண்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொடுக்கும். இரண்டு நாள் போகாமல் இருந்தால் லாக்டுலோஸ் போன்றதைக் கேட்டு வாங்குங்கள். எனிமாவும் ஆசனவாயில் வைக்கும் மருந்தும் கூடாது, கீறலில் கிருமி ஏறும்.

காய்ச்சல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டலாம் என்றால் அது இதுதான். 7 முதல் 14ஆம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும். அப்போது மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டால், நள்ளிரவானாலும், நீங்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். காலை வரை பொறுப்பது உயிருக்கு ஆபத்து.

தவறு நடக்கும் இடங்கள் இவை. பாராசிட்டமால் போட்டுவிட்டு அளப்பது: காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. அக்குளில் அளப்பது: அங்கே அளவு குறைத்தே காட்டும், டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வையுங்கள். தொட்டுப் பார்த்து "சூடு இல்லை" என்பது. ஸ்டீராய்டு நாட்களில் காய்ச்சலே ஏறாமல் குளிர்நடுக்கம் மட்டும் வரலாம், அதுவும் கணக்கில் சேரும். கடைசித் தவறு, பக்கத்துக் கிளினிக்கில் காத்திருப்போர் வரிசையில் உட்காருவது. "மார்பகப் புற்றுநோய், கீமோ போட்டு இன்று 10ஆம் நாள், காய்ச்சல்" என்ற வாக்கியத்தை உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். தோழிக்கு அழைக்கும் நேரம் இது இல்லை. இதை அவரும் முன்பே உங்களிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

வெள்ளை அணு எண்ணிக்கை ஏற பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மில்லிகிராம் ஊசி எழுதியிருந்தால் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்தே போட வேண்டும். ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் ஐஸ் பேக்கோடு எடுத்துச் செல்லுங்கள், ஆனால் ஊசி ஐஸ் மேல் நேராகப் படாமல் துணி சுற்றி. உறைந்தால் மருந்து கெட்டுவிடும். ஓரிரு நாளில் இடுப்பும் முதுகெலும்பும் விண்விண்ணென்று வலிக்கும். வலி மாத்திரைக்கு முன் காய்ச்சலை அளந்து எழுதிவிடுங்கள்.

வாயும் வயிறும்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. தினம் நாலைந்து முறை கொப்பளிக்க வேண்டும், புண் வரும் முன்பே, 1ஆம் நாளிலிருந்து. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிக்கும்.

புரதம் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோ பெண்ணுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் ரசஞ்சாதமும் கஞ்சியும் மட்டும் குடித்து இந்தக் கணக்கைத் தொட முடியாது. பருப்பு, மீன், கோழி, பனீர், சுண்டல் ஒவ்வொரு வேளையிலும் வேண்டும். எல்லாம் நன்றாக வெந்ததாக, சூடாக. அரைவேக்காட்டு முட்டை, வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி, பானிபூரி வேண்டாம். பழத்தை நீங்களே கழுவித் தோலுரித்துச் சாப்பிடலாம். வாயில் உலோகச் சுவை இருந்தால் எலுமிச்சை, புளி, இஞ்சி உதவும். புண் இருந்தால் அவையே எதிரி.

சொந்தக்காரர்கள் பாட்டிலோடு வருவார்கள்: சீந்தில், முள்சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு. சீந்தில் கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் இந்தியாவிலேயே பதிவாகியுள்ளன. கீமோ மருந்தும் கல்லீரல் வழியேதான் போகிறது. வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லலாம், குடிக்க வேண்டாம்.

முடி

முதல் டோஸின் 14 முதல் 21ஆம் நாளுக்குள் உதிரும்; இரண்டு நாள் முன்பே உச்சந்தலை வலிக்கும். அதற்கு முன் குட்டையாக வெட்டிக்கொண்டால் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்க்கும் அதிர்ச்சி குறையும். மொட்டை அடிப்பதானால் டிரிம்மர்தான், சவரக்கத்தி கூடாது. அந்த வாரம் சிறு கீறலும் சீழ் பிடிக்கும். நம் ஊரில் மொட்டைத் தலைக்கு "பழனியா, திருப்பதியா" என்று கேட்பார்கள். அதையே பதிலாக வைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு, அதில் குற்றமில்லை. சித்திரை வெயிலில் செயற்கை விக் ஒரு மணி நேரம் தாங்காது. கல்யாணம், ஆபீஸ் போன்ற நேரத்துக்கு வைத்துக்கொண்டு மற்ற நேரம் பருத்தித் துணி கட்டுங்கள். தலையைக் குளிரவைக்கும் கருவி சில பெரிய மருத்துவமனைகளில் உண்டு; டாக்ஸோரூபிசினைவிட டாக்ஸல் வகையில் (பாக்ளிடாக்ஸல், டோசிடாக்ஸல்) பலன் அதிகம்.

டாக்ஸல் கட்டம்

வாந்தி குறையும், வேறு பிரச்சினை தொடங்கும். முதல் இரண்டு டோஸில், மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, முதுகு வலித்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நிறுத்திவிட்டு மருந்து கொடுத்து, பெரும்பாலும் மெதுவாகத் தொடர்வார்கள். பிறகு வருவது மரமரப்பு. சேலை பின் குத்த முடிகிறதா, பூத் தொடுக்க முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். "கொஞ்சம் மரமரன்னு இருக்கு" என்றால் டாக்டர் கடந்துபோவார். "போன வாரத்திலிருந்து பின் குத்த முடியவில்லை" என்றால் அளவைக் குறைப்பதைப் பற்றி யோசிப்பார். நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் இதை மறைக்கிறவர்கள் உண்டு. முற்றிய மரமரப்பு வருடக்கணக்கில் நிற்கும் என்பதால் மறைப்பதுதான் நஷ்டம்.

குழுவில் இருக்கும்போது

நோயாளிகள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் தன் ஸ்கேன் முடிவைப் போடுவார். அதைப் படித்துவிட்டு உங்களால் தூங்க முடியாவிட்டால் அறிவிப்பை நிறுத்திவையுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குழுவில் ஒருவர் இறந்தால் தோழியை நேரில் அழைத்துப் பேசுங்கள், குழுவிலேயே துக்கத்தைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். பேச்சால் இறங்காத பாரமும் உண்டு: இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது தோழியின் கையை மீறியது. டாக்டரிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் எந்நேரமும் பேசலாம்.

கடைசி டோஸுக்குப் பிறகும் மூன்று வாரம் வரை காய்ச்சல் விதி அப்படியே இருக்கும். போர்ட்டை எப்போது எடுப்பது என்று தேதி வாங்குங்கள், அதுவரை சுத்தம் செய்யும் நாளை விடாதீர்கள். சோர்வு பல மாதம் நீடிப்பது வழக்கம். தினம் 20 நிமிட நடையில் தொடங்கினால் படுத்தே இருப்பதைவிடச் சீக்கிரம் குறையும். நீங்களே இன்னொருவருக்குத் தோழியாக நினைத்தால் ஆறு மாதமாவது கழியட்டும், மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள், எந்த மருந்து எடுத்தீர்கள் என்பதைப் பெயரோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள். வேறு மருந்து எடுக்கும் பெண் அழைத்தால் உங்கள் அனுபவத்தை அவருக்குப் பொருத்தப் பார்க்காமல், பொருந்துகிற இன்னொருவரின் எண்ணைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.